வெக்கை மேனேஜரும் சந்துத் தகரமும்

காஞ்சிபுரத்தில் எந்தச் சுவர் எத்தனை மணிக்குச் சூடாகும் என்பது சூரியனுக்கே உத்தேசமாகத்தான் தெரியும். நிச்சயமாகத் தெரிந்தவர் ஊரில் ஒரே ஒருவர். அவர் எங்கள் லாட்ஜின் மேனேஜர்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் கார்டோடு சரி. ஆட்டோக்காரரிலிருந்து பூக்காரம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவர் ‘வெக்கை மேனேஜர்’தான். இப்போது ஓய்வு பெற்று வேலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். வெயிலுக்குப் பேர்போன ஊர் அது. இனிமேல் அங்கே வெயில்தான் ஜாக்கிரதையாக நடந்துகொள்ள வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அந்த லாட்ஜில் சேர்ந்தவன். சாவி கொடுப்பது, துண்டு எண்ணுவது, தண்ணீர் மோட்டார் போடுவது எல்லாம் என் வேலை. மோட்டாரை நிறுத்தினோமா இல்லையா என்று வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு யோசிப்பதும் என் வேலைதான். அதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது.

ராஜ வீதியை ஒட்டிய தெருவில் கிழக்குப் பார்த்த மூன்று மாடிக் கட்டடம். சாமி பார்க்க வருகிறவர்களும் சேலை எடுக்க வருகிறவர்களும் தங்குவார்கள். மற்ற லாட்ஜ்களில் ஆதார் கார்டு கேட்பார்கள். எங்கள் மேனேஜர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஆளை மேலும் கீழும் பார்ப்பார்.

“மதியானம் தூங்குற பழக்கம் இருக்குதா?”

சேலத்திலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு பெரியவர் திகைத்துப்போய்த் தன் மனைவியைப் பார்த்தார்.

“ஏனுங்க, ரூம் இருக்குதுங்களா இல்லீங்களா?”

“ரூமு இருக்குது சார். அந்த ரூமுக்கு ஏத்த ஆளு நீங்களான்னு பாத்துக்கினு இருக்கேன். காலைல சாமி பாத்துட்டு மூணு மணிக்குக் காலி பண்றவங்கன்னா மேக்கால ரூமு, ராஜா வூடு மாதிரி. ராத்திரி தங்கறவங்களுக்கு அது அடுப்பு.”

“ராத்திரி தங்கறோமுங்க.”

“வூட்டம்மாவுக்குக் கால் வீக்கம் இருக்குதா?”

“ரூமுக்கு வந்தமுங்களா, வைத்தியருகிட்ட வந்தமுங்களா?” என்று அந்த அம்மாளே கேட்டுவிட்டார்.

கடைசியில் வடகிழக்கு மூலை அறையைக் கொடுத்தார். மறுநாள் அந்த அம்மாள் நல்லாத் தூங்கினேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இந்த ஒரு வார்த்தை போதும், மேனேஜர் அடுத்த ஒரு மாதத்துக்கு யார் பேச்சையும் கேட்க மாட்டார்.

அவர் வெக்கையை அளக்கும் கருவி அவருடைய இடது கன்னம். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொரு மாடியாக ஏறி, நடைபாதைச் சுவரில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சுவருக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல இருக்கும். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், குளித்துவிட்டுக் கதவைத் திறந்தவள், தன் அறைச் சுவரில் ஒரு கிழவர் கன்னத்தைப் பதித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அலறியதில் தெருவே கூடிவிட்டது. மேனேஜர் அசையவில்லை.

“கத்தாதம்மா. உன் ரூமுக்காகத்தான் பாக்குறேன். அஞ்சு மணிக்கு மேல ஜன்னலத் தொறந்து வையி.”

“கையை வச்சுப் பாக்கக் கூடாதா சார்?” என்று நான் அப்புறம் கேட்டேன். கூட்டம் கலைகிற வரைக்கும் போலீஸ் வந்துவிடுமோ என்று நான் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கை பொய் சொல்லும் குமாரு. அது எதையும் தாங்கிக்கும். கன்னம் தாங்காது.”

சுவர் பகலெல்லாம் வெயிலைத் தின்கிறது, சாயந்தரத்துக்கு மேல் ஏப்பம் விடுகிறது என்பது அவர் சித்தாந்தம். அதனால் ஆட்களை வெயிலுக்கு முன்னால் நகர்த்திவிட வேண்டும் என்பார். ஒரு முகூர்த்த நாளில் மாப்பிள்ளையின் அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். மேற்கு அறையில் வெயில் ஏறப்போகிறது என்று அவரைக் கட்டிலோடு தூக்கி எதிர் அறைக்கு மாற்றினோம். ஒரு முனையில் நான், மறு முனையில் மேனேஜர். விழித்துக்கொண்டவர், ஜன்னல் இடம் மாறியிருப்பதைப் பார்த்து, தனக்கு ஏதோ வந்துவிட்டது என்று மகனைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

பிறகு எதிர்ச் சாரியில் ஒரு காம்ப்ளக்ஸ் வந்தது. முகப்பு முழுவதும் நீலக் கண்ணாடி. மேற்கே இறங்குகிற வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டு நேராக எங்கள் முன்பக்க அறைகளுக்குள் வந்து விழுந்தது. உலகத்தில் எங்கள் லாட்ஜில் மட்டும் சாயந்தரம் நாலு மணிக்குக் கிழக்கே சூரியன் உதிக்க ஆரம்பித்தது. மேனேஜர் ரோட்டைத் தாண்டிப் போய் அங்கிருந்த செக்யூரிட்டியைப் பிடித்தார்.

“உங்க முதலாளிகிட்ட சொல்லி அந்தக் கண்ணாடிக்கு ஒரு பர்தா போடுங்கபா.”

“போடறோம் பெரியவரே. சூரியனுக்கு ஒரு மாஸ்க்கு வாங்கிக்கினு வாங்க, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுடலாம்.”

திரும்பி வந்தவர் முன்பக்க ஜன்னல்களுக்கெல்லாம் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினார். சூடு குறைந்தது உண்மை. தெருவிலிருந்து பார்க்கிறவர்கள் கீழே கூழ் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வந்ததும் உண்மை.

அப்புறம்தான் ஏசிக் காலம். தங்க வருகிறவர்கள் ஏசி இல்லாவிட்டால் வாசலோடு திரும்பினார்கள். முதலாளி ஒவ்வொரு அறையாக மாட்டிக்கொண்டே போனார். அவுட்டோர் பெட்டிகள் எல்லாவற்றையும் வடக்குப் பக்கத்துச் சந்தில் வரிசையாக வைத்தார்கள். எங்களுக்கும் பக்கத்துப் பட்டுக் கடைக்கும் நடுவில் இருக்கிற சந்து அது. ஒரு ஆள் கையை விரித்தால் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். கடைசியில் மதில் சுவர், முட்டுச் சந்து. பட்டுக் கடைக்காரர்களும் தங்கள் பெட்டிகளை அதே சந்தில்தான் வைத்திருந்தார்கள்.

பட்டுக் கடையில் ஏசி ஓடுவது நம் வீட்டில் ஓடுகிற மாதிரி அல்ல. உள்ளே நுழைந்தால் பல் தந்தியடிக்கும். அந்தக் கடையின் ஃப்ளோர் மேனேஜர் பவானி என்னிடம் ரகசியத்தைச் சொல்லியிருக்கிறாள். “கல்யாணப் பட்டு என்னா வெயிட்டு தெரியுமாண்ணா? புழுங்கிக்கினு இருந்தா எந்தப் பொண்ணு அத்த மேல போட்டுப் பாக்கும்? நல்லா நடுங்கினாத்தான் ஒண்ணுக்கு நாலு போத்திக்கினு பாப்பாங்க.” நெசவுக் குடும்பத்துப் பெண். வியாபாரம் தெரிந்தவள்.

அவர்கள் குளிரக் குளிர, அந்தச் சூடு சந்தில் வந்து கொட்டியது. எங்கள் வடக்கு அறைகள் கொதித்தன. நாங்கள் ஏசியை இன்னும் குறைத்து வைத்தோம். எங்கள் சூடு அவர்கள் சுவரைச் சுட்டது. அவர்கள் இன்னும் குறைத்தார்கள். இரண்டு கட்டடமும் ஒரே சந்துக்குள் நின்று ஒன்றின்மேல் ஒன்று ஊதிக்கொண்டிருந்தன.

இதற்கு மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். சந்துக்கு மேலே முதல் மாடி உயரத்தில் தகர ஷீட் போட்டு மூடிவிட வேண்டும். “நெயல்ல வச்ச பொருளு சூடாவுமா? அவுட்டோரு ஒரு வெயிலு பாக்காது. உங்க கடைப் புள்ளைங்க ஸ்கூட்டியயும் உள்ள வுட்டுக்கலாம்” என்று பட்டுக் கடை முதலாளியிடமே போய்ச் சொன்னார். அவருக்கு அந்த யோசனை பிடித்துப்போய், தன் செலவிலேயே தகரம் போட்டு, மேனேஜரைக் கடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். அந்தக் குளிரில் சால்வை ரொம்ப சௌகரியமாக இருந்தது என்று மேனேஜர் சொன்னார். அன்றிலிருந்து அந்தத் தகரத்தை அவர் பெற்ற பிள்ளைபோலக் காட்டுவார். ரூம் கேட்டு வருகிறவர்களைக்கூட ஒரு தடவை சந்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மேலே பார்க்கச் சொல்வார்.

அந்தக் கோடையில் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு எங்கள் முதலாளி செவிலிமேட்டு வீட்டிலிருந்து நேராக வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“லாட்ஜ் நடத்துறீங்களா, ஐஸ் ஃபேக்டரி நடத்துறீங்களாய்யா? அடுத்த பில்லு எறங்கல, ஆடி பொறந்ததும் கட்டடத்தப் பக்கத்து சில்க்குக்குக் குடோனா வுட்டுடுவேன். அவங்க கேட்டுக்கினே இருக்காங்க.”

எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. சாவியும் துண்டும் தவிர வேறு எதையும் கையில் எடுத்ததில்லை. மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். குடோனில் துண்டு எண்ண யாரை வைப்பார்கள்? முதலாளி போன பிறகும் நான் சாவிப் பலகையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

“இன்னாத்துக்கு இப்படி வேர்க்குற?” என்றார் மேனேஜர். “உன் வேர்வைலயே ரூமு இன்னும் பிசுபிசுக்குது. போயி ஃபேனுக்குக் கீழ நில்லு. பில்ல நான் எறக்குறேன்.”

இறக்க ஆரம்பித்தார். மொட்டை மாடி முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். மேல்மாடி அறைகள் நிஜமாகவே கொஞ்சம் ஆறின. ஆனால் அந்த வெளிச்சம் எகிறி, எங்களைவிட ஒரு மாடி உயரமான பட்டுக் கடையின் தையல் பிரிவுக்குள் போய் அடித்தது. பவானி படியேறி வந்தாள்.

“சார், எங்க டைலரு கூலிங் கிளாஸ் போட்டுக்கினு சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறாரு. கஸ்டமருங்க அவர ஹீரோன்னு நெனச்சுக்கினு செல்ஃபி கேக்குறாங்க. நல்லாவா இருக்குது?”

அப்புறம் யாராவது அறையைப் பூட்டிவிட்டு வெளியே போனால், அந்த அறைக்கு மட்டும் கரண்டைக் கீழேயே நிறுத்தினோம். எல்லாம் செய்தும் வடக்குப் பக்கம் அடங்கவில்லை. முதல் மாடி வடக்குச் சுவரில் கன்னத்தை வைத்தவர், தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி பின்வாங்கினார்.

“இது சூடாவக் கூடாதே குமாரு. வெயிலே எட்டிப் பாக்காத செவுரு. தகரம் வேற நெயலு குடுக்குது.” அவர் ஒரு விஷயம் புரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். பில்லைவிட அதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது.

இதற்கு நடுவில் வைகாசி வந்தது, கருட சேவையும் வந்தது. லாட்ஜில் மூச்சுவிட இடமில்லை. விடியற்காலையில் சாமி எங்கள் தெருமுனையைக் கடக்கும் நேரத்தில் ஜனம் நெருக்கித் தள்ளியது. முதல் மாடியில் சந்துப் பக்கம் துணி காயப்போட ஒரு பால்கனி உண்டு. அங்கிருந்து பார்த்தால் பெரிய குடைகளின் நுனி மட்டும்தான் தெரியும். முழுசாகப் பார்க்க ஆசைப்பட்ட நாலைந்து பேர், நல்ல தாட்டியான ஆட்கள், கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தகரத்தின்மேல் இறங்கிவிட்டார்கள்.

“ஐயா, வேணாங்க! அது தாங்காதுங்க!” என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

“தாங்கும்” என்றார் பக்கத்தில் மேனேஜர். “நான் போடச் சொன்ன தகரம்.”

சாமி முனையில் திரும்பியது. தகரத்தில் நின்றவர்கள் கையைத் தலைக்குமேல் தூக்கி “கோவிந்தா!” என்றார்கள். தாங்கி நின்ற பைப்புகள் மெல்ல வளைந்தன. தகரம் ஒரு பக்கமாகச் சாய, அவர்கள் கூப்பிய கை கூப்பியபடியே, அவசரமில்லாமல், ஒருவர் பின்னால் ஒருவராகச் சறுக்கிக்கொண்டு சந்துத் தரையில் போய் உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. பெருமாளே இறக்கிவிட்டார் என்று சொல்லிக்கொண்டு எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, சாமி பின்னாலேயே ஓடினார்கள்.

நசுங்கிய தகரத்தை அன்றைக்கே கழற்றி ஓரமாகச் சாத்தினார்கள்.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல மாடி ஏறினார். நானும் பின்னால் போனேன். முதல் மாடி வடக்குச் சுவரில் கன்னத்தை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு வலது கன்னத்தையும் வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கன்னத்தை அவர் வெளியே எடுத்ததே இல்லை.

கீழே இறங்கிச் சந்தில் போய் நின்றார். அவுட்டோர்கள் இரண்டு பக்கமும் ஊதிக்கொண்டிருந்தன. அவர் தலைக்குமேல் வானம் தெரிந்தது. அவர் வேட்டி முனை மேல்நோக்கிப் படபடத்தது.

“சூடு மேல போவுது குமாரு.”

“மேலதான் சார் போகும். ஏழாங்கிளாஸ் பாடம்.” ஏழு வரைக்கும் நான் ஒழுங்காகப் போனவன்.

“அதுக்கு நாம மூடி போட்டு வச்சிருந்தோம்.”

‘நாம’ என்று சொன்னார். நான் திருத்தவில்லை.

அந்த வாரமே வெல்டிங்காரர் இரும்பு பைப்புகளை இறக்கினார். பட்டுக் கடைக்காரர்கள் புதுத் தகரம் போடப்போகிறார்கள். இந்தத் தடவை கனமானது, யார் ஏறினாலும் அசையாதது. சந்து வாசலுக்கும் சேர்த்து மூடுகிறார்களாம், ஸ்கூட்டி திருட்டுப் போகாமல் இருக்க. பைப்பை அளந்து அறுக்கும் சத்தம் கேட்டபோது, அடுத்த பில், ஆடி மாசம், குடோன் என்று எல்லாம் எனக்கு வரிசையாகத் தெரிந்தன. ஆனால் போடச் சொன்னவர் சால்வை வாங்கிய மனுஷர். வேண்டாம் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வார்?

மேனேஜர் சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். கடையில் ஒரு பெரிய குடும்பம் தரையில் உட்கார்ந்து, மடி நிறையப் பட்டுச் சேலைகளை வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. பவானி அவர்களுக்கு ஒரு அரக்குச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னா சார், எங்க செவுத்துக்கும் கன்னமா?”

“இல்லம்மா.” அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “தப்பும்மா. பெரிய தப்பு.”

கல்யாணப் பெண்ணின் அத்தை சேலையை மடியிலிருந்து தள்ளினாள். “புடவையில தப்பா? எங்க? எங்க?”

“ஐயோ, புடவை இல்லம்மா, அது தங்கம்!” என்று பவானி பதறினாள். “சார், இன்னா சார் தப்பு? சீக்கிரம் சொல்லுங்க, வியாபாரம் போவுது!”

“அந்தத் தகரம். நான் சொன்னது தப்பு. நெயலுன்னு நெனச்சேன். சூட்ட அடச்சு வச்சிருக்கேன், உங்க பக்கமும் எங்க பக்கமும். தகரம் போன நாள்லேர்ந்து உங்க ஏசி குளுந்ததும் நின்னு நின்னு ஓடுதா இல்லியான்னு சொல்லு.”

பவானி நிமிர்ந்து ஏசியைப் பார்த்தாள். அது நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்கும் தெரியவில்லை. அத்தை சேலையை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“சரி சார். எங்க புள்ளைங்க ஸ்கூட்டிங்க? வெயில்ல நின்னா சீட்டுல தோச வாக்கலாம்.”

“எங்க போர்ட்டிகோல வுட்டுக்கோங்க.”

அப்படித்தான் எங்கள் லாட்ஜ் வாசலில் கலர் கலராக ஸ்கூட்டிகள் வரிசைகட்டி நின்றன. ஒருவர் உள்ளே வந்து என்ன மைலேஜ் தரும் என்று கேட்டார். பவானி தன் முதலாளியிடம் பேசிவிட, வெல்டிங்காரர் பைப்புகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்.

பில் வந்த அன்றைக்கு முதலாளி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “நம்ம பில்லுதானாய்யா இது?” என்று கேட்டார். வெளியே போய் மீட்டர் நம்பரைச் சரிபார்த்துவிட்டு வந்தார். “சரி, நடத்துங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கார் ஏறினார். குடோன் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று சாயந்தரம் பவானி ஸ்கூட்டியை எடுக்கும்போது என்னிடம் சொன்னாள்:

“உங்க சாரு ஒரு மாதிரியான ஆளுண்ணா. குடோன் வந்திருந்தா அவருதான் இன்சார்ஜ். எங்க முதலாளி அப்பவே உங்க சாருகிட்ட பேசி வச்சுட்டாரு. இங்க குடுக்கறதவிட நல்ல சம்பளம். ‘எங்க குமாரயும் சேத்துக்குவீங்களா’ன்னு கேட்டாராம். ஒரு ஆளுதான்னு சொல்லிட்டாங்க. அப்புறம்தான் வந்து அத்தினி பேரு எதுர்ல தப்பு தப்புன்னு நின்னாரு.”

அவள் போய்விட்டாள். நான் முனைக் கடைக்குப் போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து மேனேஜர் முன்னால் வைத்தேன்.

“நான் கேக்கலியே?” என்றார்.

“கேக்கலதான் சார்.”

“அப்புறம் ஏன் நிக்குற? ரெண்டாவது மாடில துண்டு கேக்குறாங்க பாரு.”

“போறேன் சார்” என்றேன். அந்த இடத்தைவிட்டு நகரத்தான் மனசு வரவில்லை.